எல்லாத் தெருவுக்கும் அறுபது நிமிடம்

அத்தான் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் ஒரு வாழ்த்து மடல் வாசித்தார்கள். கட்டுக்கட்டாக அச்சடித்து வைத்திருக்கிற மடல் அது. பெயரை மட்டும் பேனாவால் நிரப்புவார்கள். "நேர்மையாகவும், நேரம் தவறாமலும், பாரபட்சமின்றியும் பணியாற்றிய" என்று இருந்தது. மூன்றும் பச்சைப் பொய். என் அத்தான் இருபத்தாறு வருடம் பதிவேட்டில் பொய் எழுதியவர். தெருக்களுக்குச் சொன்ன நேரப்படி தண்ணீர் விட்டவர் அல்ல. பாரபட்சம் பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தவர். அந்த வேலையை அவரைப்போல உருப்படியாகச் செய்தவர் வேறு யாரும் கிடையாது. இதை மடலில் எழுத மாட்டார்கள் என்பதால் நான் எழுதுகிறேன்.

நான் அவர் மனைவியின் தம்பி. பள்ளத் தெரு முனையில் தண்ணீர் மோட்டார் விற்றுப் பழுதும் பார்க்கிற கடை என்னுடையது. கதைக்கு வில்லன் வேண்டும் என்கிறவர்கள் என்னை வைத்துக்கொள்ளலாம், ஆட்சேபம் இல்லை.

அத்தானின் வேலை இதுதான். ஏழு தெருவுக்கும் சேர்த்து ஒரே குழாய். ஒவ்வொரு தெரு முனையிலும் தரைக்கடியில் ஒரு குழி, அதற்கு இரும்பு மூடி, உள்ளே ஒரு வால்வு. மார்பு உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி. அதைக் குழிக்குள் இறக்கித் திருகினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும். காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து, ஒரு தெருவை மூடி அடுத்ததைத் திறந்து, பன்னிரண்டு மணிக்கு ஏழையும் முடிக்க வேண்டும். ஏழு தெரு, ஏழு மணி நேரம். எல்லாத் தெருவுக்கும் அறுபது நிமிடம் என்று மேலிடத்து உத்தரவு. மேலிடத்துக்குச் சமத்துவம் என்றால் உயிர்.

சேர்ந்த முதல் வாரம் உத்தரவுப்படியே திறந்தார். பள்ளத் தெருவில் தொட்டிகள் நிரம்பி வாசலில் ஓடியது. மேட்டுத் தெருவில் குழாய்கள் இருமிவிட்டுச் சும்மா இருந்தன. தண்ணீருக்கு மேலிடத்து உத்தரவைப் படிக்கத் தெரியவில்லை. அடுத்த வாரம் மேட்டுக்கு எண்பது நிமிடம் விட்டு, அதை அப்படியே பதிவேட்டிலும் எழுதினார். அப்போதிருந்த அதிகாரி அவரைக் கூப்பிட்டு, எண்பது என்று எழுதினால் மேலே பதில் சொல்ல வேண்டியது நான், அங்கே என்ன வேண்டுமானாலும் பண்ணிக்கொள், அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இங்கே அறுபது என்று எழுது என்றாராம். அன்று ஆரம்பித்த பொய். சில வருடம் கழித்து வந்த இன்னொரு அதிகாரி, தினமும் ஏழு தடவை அறுபது என்று எழுதுவது வீண் வேலை என்று கண்டுபிடித்து, அறுபதை அச்சடித்தே பதிவேடு வரவழைத்தார். அதன் பிறகு அத்தான் கையெழுத்து மட்டும் போட்டார்.

அதற்குள் நான் கடை திறந்துவிட்டேன். முதல் மோட்டாரைப் பள்ளத் தெரு வாத்தியார் வாங்கினார். மாடியில் ஒரு அறை கட்டியிருந்தார், அங்கே தண்ணீர் ஏற வேண்டும். அரைக் குதிரைத்திறன்தான். அது உறிஞ்ச ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டுக் குழாயில் காற்று வந்தது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் என் கடையில் நின்றார், முக்கால் வேண்டும் என்று. ஒரு மாதத்தில் தெருவில் பதினோரு மோட்டார். மோட்டார் இருந்ததால் மாடித் தொட்டி வந்தது, தொட்டி வந்ததால் மாடியில் குளியலறை வந்தது, குளியலறை இருந்ததால் மாடிக்குக் குடித்தனம் வந்தது. குடித்தனம் வந்ததும் தண்ணீர் பற்றவில்லை, ஒரு குதிரைத்திறன் கேட்டார்கள். அலுவலகம் மோட்டாருக்கு அபராதம் போட்டது. உடனே எங்கள் தெருக்காரர்கள் சத்தம் வராத மோட்டார் கேட்டார்கள். நான் கம்பெனிக்காரனிடம் கேட்டேன், என்னைப்போல நூறு கடைக்காரன் கேட்டிருப்பான், அடுத்த வருடம் பூனை மாதிரி ஓடுகிற மோட்டார் வந்து இறங்கியது. யாரோ விஞ்ஞானி ராப்பகலாக யோசித்துக் கண்டுபிடித்தார் என்று நினைக்காதீர்கள். அபராதத்துக்குப் பயந்த ஆட்களின் கண்டுபிடிப்பு அது.

நான் ஒரு மோட்டார் விற்றால் அத்தானுக்கு நிமிடம் மாறும். சாவிக் கம்பியில் காதை வைத்துக் கேட்பார். பிறகு கடைக்கு வந்து, "நாலாம் தெருவுல நேத்து ரெண்டு போட்டியா மாப்ள?" என்பார். திட்ட மாட்டார். அந்தத் தெருவில் இரண்டு நிமிடத்தைக் குறைத்து எங்கோ கூட்டுவார், அவ்வளவுதான்.

அவரைத் திட்டுகிறவர்களுக்குத்தான் பஞ்சமே இல்லை. பஞ்சமில்லாமல் திட்டியவர் மேட்டுத் தெருக் கடைசி வீட்டுத் தையல்காரம்மா. கணவர் முதுகு உடைந்து படுத்த படுக்கை. தினமும் துணி அலச வேண்டும், அவரைத் துடைத்துவிட வேண்டும், தண்ணீர் ஒரு நாள் தவறினாலும் அந்த வீட்டில் நிற்க முடியாது. தண்ணீர் சன்னமானால் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே வால்வுக் குழிவரை வந்துவிடுவார். "தண்ணிக்காரரே, பள்ளத்துல பொண்டாட்டி வீடு இருக்குன்னு எல்லாத்தையும் அங்கேயே வடிச்சு விடுறீங்களா?" என்பது அவருடைய திட்டுகளில் மென்மையானது.

அந்தப் பொண்டாட்டி என் அக்கா. அவள் குழாயில் நாற்பது நிமிடத்துக்கு மேல் தண்ணீர் வந்ததே இல்லை. வீட்டுக்குள் நுழைந்தாலும் அவருக்குக் கச்சேரிதான். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பதை அக்கா நாளைக்கு இரண்டு முறையாவது சொல்லிக்காட்டுவாள். அத்தான் தலையாட்டிவிட்டுச் சாப்பிட உட்காருவார். திட்டுகிற பக்கம் திறந்துவிடுகிற பயந்தாங்கொள்ளி என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன்.

ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கும்போது மிஷின் வந்தது. ஒவ்வொரு வால்வின் மேலும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. நேரம் வந்தால் தானே திறக்கும், தானே மூடும், திறந்ததும் வீட்டுக்கு வீடு போனில் செய்தி அனுப்பும். மாட்ட வந்தது ஒரு இன்ஜினியர் பெண். எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடம் என்று அலுவலகத்தில் கேட்டாள். இருபத்தாறு வருடப் பதிவேட்டையும் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு நாள்கூட ஒரு நிமிடம்கூடப் பிசகாத இப்படி ஒரு பதிவேட்டை எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்று அவள் வியந்து போனாளாம். அதிகாரிக்குப் பெருமை தாங்கவில்லை. ஏழு பெட்டியிலும் அறுபது என்று ஏற்றினார்கள்.

அன்று மதியம் அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். விஷயம் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. பதிவேடு பொய் என்று இப்போது வாயைத் திறந்தால் ஒழுங்கு நடவடிக்கை, ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள். எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் முழுசாக வாங்கிக்கொண்டு வரலாம். அக்கா இதை மூன்று விதமாகச் சொன்னாள், நானும் ஆமாம் போட்டேன். எங்கள் இருவர் வீட்டுக் குழாயும் பள்ளத் தெருவில்தான் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அடுத்த நாளிலிருந்து எங்களுக்கு அறுபது நிமிடம். கல்யாணமாகி வந்த பிறகு முதல் தடவையாக அக்கா தலைக்குக் குளித்துவிட்டு வாசலையும் கழுவிவிட்டாள்.

சாவியை ஒப்படைத்த அத்தானுக்குப் பெட்டியைத் துடைத்துக் காவல் இருக்கிற வேலை. மேட்டுத் தெருப் பெட்டியின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். காலையில் எல்லார் போனிலும் "உங்கள் தெருவுக்கு நீர் திறக்கப்பட்டது, நன்றி" என்று செய்தி வந்தது. செய்தி கடைசி வீடுவரை போனது. தண்ணீர் நாலாவது வீட்டோடு நின்றது.

அத்தான் திட்டுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மிஷினுக்கு ஆள் தெரியுமா, தெரு தெரியுமா, அது சரியாகத்தான் விடும், அடைப்பு நம் குழாயில்தான் இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். குழாயைக் கழற்றிக் குத்தினார்கள். ஒரு மனிதன் சாவியைத் திருகியபோது அவன் ஏழு தலைமுறையை இழுத்தவர்கள், பெட்டி திருகியபோது செய்திக்குப் பதிலாக "நன்றி" என்று தட்டி அனுப்பினார்கள். மழையில் நனையாமல் இருக்க அதற்கு யாரோ பிளாஸ்டிக் உறைகூடப் போட்டுவிட்டார்கள். அப்படியும் தண்ணீர் வராதபோது என் கடைக்கு வந்தார்கள். ஐந்து வாரத்தில் மேட்டுத் தெருவுக்கு மட்டும் ஒன்பது மோட்டார் விற்றேன். வாய்கொள்ளாச் சிரிப்போடுதான் விற்றேன், பொய் சொல்லுவானேன்.

ஒன்பதாவது மோட்டார் தையல்காரம்மாவுடையது. இரண்டு தையல் மிஷினில் ஒன்றைத் தள்ளிவிட்டு வந்து வாங்கினார். நானே போய் மாட்டிக் கொடுத்தேன். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் காற்றை இழுத்தது, வேறு எதை இழுக்கும்? கீழே எட்டு மோட்டார் நான் விற்றதுதானே உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருந்து படுக்கைக்காரர், "வந்துடுச்சா?" என்று கேட்டார். வீட்டில் ஒரு வாடை அடித்தது. நான் கருவிகளைப் பொறுக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி இறங்கி வந்தேன்.

அதன் பிறகு அந்த அம்மா இரண்டு குடத்தோடு சரிவில் இறங்கி, வழிகிற குழாய் எது என்று விசாரித்து, எந்த வீட்டுக்கு வந்தார் தெரியுமா? அக்கா வீட்டுக்கு. அக்கா முகம் கோணாமல் பிடித்துக் கொடுத்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு நாள் அத்தான் வீட்டில் இருக்கும்போது வந்துவிட்டார். நானும் அங்கேதான் இருந்தேன். இன்றைக்கு அத்தான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப்போகிறார் என்று நினைத்தேன். அத்தானும் எழுந்து நின்றுவிட்டார்.

அந்த அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "இத்தனை வருஷமா உங்கள என்னென்னவோ பேசிட்டேன். இப்ப மிஷினே அளந்து விட்டும் வரல. தப்பு உங்க மேல இல்ல, எங்க மேட்டு மேலதான். மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

அந்த அம்மா இரண்டு குடத்தையும் தூக்கிக்கொண்டு ஏறிப் போவதை அத்தான் வாசலில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய் அலுவலகச் சட்டையைத் தேடினார். அக்கா வழியை மறித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை படிப்பு இருக்கிறது, வீட்டுக் கூரை இருக்கிறது, உங்கள் முட்டி வலி மருந்து இருக்கிறது, எல்லாம் அந்த ஓய்வூதியத்தை நம்பித்தான், கூட வேலை பார்த்தவன் எவனாவது இப்படித் தலையைக் கொண்டுபோய்க் கொடுப்பானா என்று கத்தினாள். அழவும் செய்தாள்.

"அந்தம்மா எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டாங்கடி. திட்டியிருந்தா எட்டு மாசம் தாங்கியிருப்பேன்" என்றார் அத்தான்.

அக்கா வழியை விட்டு விலகினாள். பிறகு, தேய்த்த சட்டையை எடுத்துக் கட்டிலில் எறிந்துவிட்டு, "போய்த் தொலைங்க" என்றாள். நானும் கூடப் போனேன்.

அலுவலகத்தில் அதிகாரியும் இருந்தார், மாதச் சோதனைக்கு வந்த இன்ஜினியர் பெண்ணும் இருந்தாள். அத்தான் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். அதிகாரி கெட்டவர் அல்ல. எழுந்து கதவைச் சாத்தினார். நீ பொய் எழுதினாய் என்று நான் எழுதினால், இருபத்தாறு வருடம் ஆறு அதிகாரிகள் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள் என்றும் எழுத வேண்டும், அதை யாரும் எழுத விடமாட்டார்கள், அதனால் எல்லாப் பழியும் உன் தலையில்தான் விடியும், பேசாமல் போய் ஸ்டூலில் உட்கார் என்று தன்மையாகத்தான் சொன்னார். அத்தான் நகரவில்லை. சரி, நிமிடத்தை மட்டும் மாற்றிவிட முடியுமா என்று அதிகாரி அந்தப் பெண்ணைக் கேட்டார். மாற்றலாம், ஆனால் எழுத்தில் இல்லாத எதையும் மிஷினில் ஏற்ற எனக்கு அனுமதி கிடையாது என்றாள் அவள்.

"எழுதிக் குடுத்தா எழுத்து நிக்கும்யா. யோசிச்சுக்க" என்றார் அதிகாரி.

அத்தான் ஒரு தாள் கேட்டு வாங்கினார். ஏழு வரி எழுதினார். மேட்டுத் தெரு தொண்ணூற்றைந்து, அடுத்தது எழுபத்தைந்து, பிறகு அறுபது, ஐம்பத்தைந்து, ஐம்பது, நாற்பத்தைந்து. கடைசி வரியில் தன் சொந்தத் தெருவுக்கு நாற்பது என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். அதிகாரி கால்குலேட்டரை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். நானூற்றிருபது வந்தது. நம்பாமல் மறுபடி கூட்டினார். ஏழு மணி நேரம், ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்த மனிதர் எங்கேயாவது கொஞ்சம் திருடியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் எந்தக் கருவி வைத்து அளந்தீர்கள் என்று கேட்டாள் இன்ஜினியர் பெண். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

"திட்டுதான் மேடம். ஒரு தெருவுல திட்டு ஜாஸ்தியானா அஞ்சு நிமிஷம் கூட்டுவேன். எங்கயாவது குறைக்கணுமே, அங்க குறைப்பேன். அங்க திட்டு ஆரம்பிச்சா ரெண்டு நிமிஷம் திருப்பிக் குடுப்பேன். எல்லாத் தெருவும் ஒரே அளவு திட்டுனா சரியா இருக்குன்னு அர்த்தம்" என்றார் அத்தான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருபத்தாறு வருடம் இந்த மனிதர் வசவை வாங்கி வாங்கி நிமிடமாக மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார், நான் பயந்தாங்கொள்ளி என்று நினைத்திருக்கிறேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. தாளைப் போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டு, மடிக்கணினியைத் திறந்து ஏழு எண்களையும் ஏற்றினாள். அவள் ஏற்றி முடிப்பதற்குள் அதிகாரி அதே தாளில் இரண்டு ஓட்டை குத்தி, ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பில் கோத்துவிட்டார்.

மறுநாள் எங்கள் தெரு நாற்பது நிமிடத்துக்கு இறங்கியது. கொதித்துப்போய் முப்பது பேர் அலுவலகத்துக்குப் போனார்கள். மிஷின் தானாகவே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த நேரம் இது என்றார் அதிகாரி. அடேயப்பா என்று கேட்டுக்கொண்டு முப்பது பேரும் திரும்பி வந்தார்கள். மேட்டுத் தெருவிலோ மிஷினுக்குப் புத்தி வந்துவிட்டது என்று ஒரே புகழ்ச்சி. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அத்தானிடமே வந்து சொன்னார்கள். ஆமாம், நல்ல மிஷின் என்றார் அவர். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மூன்று மாதம் விசாரணை நடத்தி ஓய்வூதியத்தில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினார்கள். சாகும்வரைக்கும். உத்தரவு வந்த அன்று அக்கா வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அந்த வாரம்தான் தையல்காரம்மா மோட்டாரைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். இப்போது தண்ணீர் தானாகவே வருகிறது, இது வேண்டாம், எடுத்துக்கொண்டு பழைய தையல் மிஷின் எதையாவது பிடித்துக் கொடுங்கள் என்றார். பரவாயில்லை, மனுஷன் செய்யாததை மிஷின் செய்துவிட்டது என்றும் சொன்னார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டேன். அறுபது, தொண்ணூற்றைந்து, ஏழு வரித் தாள், இரண்டு ஓட்டை, ஐந்தில் ஒரு பங்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மோட்டாரின் மேல் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் கடையை விட்டு இறங்கி நடந்தார். எனக்குப் பயமாகிவிட்டது, பின்னாலேயே போனேன்.

நேராக அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார். அத்தான் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வாசலில் அந்த அம்மாவைப் பார்த்ததும் கையிலிருந்த துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"என்னம்மா, தண்ணி வரலையா?" என்றார்.

அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வருதுண்ணே" என்றார். "கடைசி வீடு வரைக்கும் வருது."

அக்கா உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.